காலி வண்டிக்கு இந்தப் பட்டை வேண்டாம்

பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் எந்நேரமும் 250, 300 கிலோ ஏறியே இருக்கும் என்றால் நான் மாட்டிப் பார்த்த இந்த சஸ்பென்ஷன் செட்டை, அதாவது கனமான பின் பட்டைக் கட்டும் (லீஃப் ஸ்பிரிங்) ஷாக் அப்சார்பரும் சேர்ந்ததை, தாராளமாகப் போடலாம். எப்போதாவது மண்பாதை, மற்ற நாளெல்லாம் காலித் தொட்டியோடு தார்ரோடு என்பவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். நல்ல ஷாக் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு, மிச்சக் காசில் டயரைப் பாருங்கள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம்.

என் வண்டி டபுள் கேப், டீசல், ஃபோர் வீல் டிரைவ். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் முழு ஆக்சில் ஹவுசிங் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சுக் கூடு), அதன் இருபக்கமும் பட்டைக் கட்டு. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், பட்டை வைத்த ரேஞ்சர் எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு இதுதான். அதனால் இங்கே எழுதுவதில் முக்கால்வாசி எந்த பிக்கப்புக்கும் பொருந்தும். செட் தயாரித்த கம்பெனியின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், தவிர இதே அமைப்பில் செய்து விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

நான் நில அளவைக்காரன். ரோடு முடிகிற இடத்தில்தான் என் வேலை ஆரம்பிக்கும். தொட்டியை மூடும் கேனோபி 65 கிலோ, இழுப்பறைப் பெட்டி 60, தண்ணீர் 40 லிட்டர் என்றால் அதுவே 40 கிலோ, இரண்டாவது ஸ்டெப்னி 30, சின்ன ஜெனரேட்டர் 22, முக்காலிகளும் கருவிப் பெட்டிகளும் 40, ஜாக்கி, சங்கிலி, ஸ்பேனர் வகையறா 25. கூட்டினால் 280 சொச்சம். இதில் ஒன்றையும் நான் வீட்டில் இறக்கி வைப்பதில்லை. ஆள் ஏறாமலே இவ்வளவு.

கம்பெனி பட்டையில் என்ன பிரச்சினை என்றால், அது இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. காலியாக ஓடும்போது ஷோரூம் டெஸ்ட் டிரைவில் மெத்தென்று இருக்க வேண்டும். ஏட்டில் போட்ட முழுச் சுமையையும் தாங்கவும் வேண்டும். இதற்காக மேலே இருக்கும் பட்டைகளை மெலிதாகவும், அடியில் ஒரே ஒரு தடித்த பட்டையை வளைவில்லாமல் தட்டையாகவும் வைத்திருக்கிறார்கள். சுமை ஏறும்போதுதான் அந்த அடிப்பட்டை வேலைக்கு வரும். என் 280 கிலோவில் வண்டி சரியாக அந்த அடிப்பட்டையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பள்ளத்துக்குப் பள்ளம் "டக்" என்று அதில் போய் உட்காரும். இன்னும் கொஞ்சம் ஆழமான பள்ளம் என்றால் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கும். பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உயரத்தை அளப்பது பற்றி ஒரு வார்த்தை. பலர் தரையிலிருந்து பம்பர்வரை அளந்து எழுதுகிறார்கள். டயரில் காற்று குறைந்தாலே அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்புவரை டேப் பிடியுங்கள், காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. என் வண்டியில் பழைய பட்டையில் காலியாக 540 மி.மீ., சுமையோடு 490. புதுப் பட்டை போட்ட அன்று சுமையோடு 550. ஓட ஓடப் பட்டை படிந்து 538-இல் நின்றுவிட்டது, அதன் பிறகு நகரவில்லை. புதுப்பட்டை 10, 15 மி.மீ. இறங்குவது இயல்புதான். மாட்டிய அன்றைக்கு அளந்து படம் பிடித்துப் போடுகிறவர்களை நம்பி வாங்காதீர்கள்.

இனி பெட்டிக்குள் என்ன வந்தது என்று பார்ப்போம். 300 கிலோ நிரந்தரச் சுமைக்கு என்று குறித்த பட்டைக் கட்டு இரண்டு, மோனோட்யூப் (ஒற்றைக்குழாய்) ஷாக் இரண்டு, பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் புது யு போல்ட் நான்கு, பட்டையின் ஒரு முனையை சேஸோடு இணைத்து ஆடவிடும் ஷாக்கிள் (கிரீஸ் நிப்பிள் வைத்தது), பட்டை முனை வளையமான காதுக்குள் செருகும் பாலியூரித்தேன் புஷ், ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை இறக்க ஸ்பேசர், ஆப்பு போன்ற கோண ஷிம் ஒரு ஜோடி, பிரேக் வால்வுக்கு ஒரு சின்ன பிராக்கெட். ஓல்ட் மேன் ஈமு மாதிரிப் பேர்போன தயாரிப்பாளர்களும் பட்டையை இப்படி நிரந்தரச் சுமைக் கணக்கில்தான் பிரித்து விற்கிறார்கள். இந்தக் கணக்கைச் சொல்லாமல் "ரெண்டு இஞ்ச் லிஃப்ட்" என்று மட்டும் விளம்பரம் செய்கிறவர் உயரத்தை விற்கிறார், சஸ்பென்ஷனை அல்ல.

பட்டையின் வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது பட்டையின் நுனி, மெயின் பட்டையின் காதைச் சுற்றி வளைந்து போகிறது. முன் காது பக்கம் மெயின் பட்டை உடைந்தாலும் ஹவுசிங் இடம்விட்டு ஓடாமல் அது பிடித்துக்கொள்ளும். டவர் சிக்னல் இல்லாத இடத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இது பெரிய ஆறுதல். ஒவ்வொரு பட்டையின் நுனியும் மெலிந்து முடிகிறது, நுனிக்கு அடியில் நைலான் துண்டு இருக்கிறது. பட்டை பட்டையோடு உராய்வதால் அதிர்வு கொஞ்சம் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் உராய்வு அதிகமானால் சின்னச் சின்னக் கல்லுக்குப் பட்டை அசையவே அசையாது, அத்தனையும் நேராக சீட்டுக்கு வரும். அந்த நைலான் துண்டுதான் இதைக் குறைக்கிறது.

என்னைக் கேட்டால் இந்த செட்டில் நிஜமான மாற்றம் ஷாக்தான். பட்டை சுமையைத் தூக்கிப் பிடிக்கும். ஆட்டத்தை நிறுத்துவது ஷாக். என் பழைய ஷாக் சாதாரண ட்வின் ட்யூப், குழாய்க்குள் இன்னொரு குழாய். அலை அலையாக வரி விழுந்த மண்ரோட்டில் அரைமணி ஓட்டினால், வளைவில் பின்பக்கம் தானாகப் பக்கவாட்டில் நடக்க ஆரம்பிக்கும். ஸ்டியரிங்கில் ஒரு குறையும் தெரியாது, பின்சக்கரம் மட்டும் தரையில் பாதி நேரம்தான் இருக்கும். நிறுத்திவிட்டு ஷாக் உடம்பைத் தொட்டால் விரல் வைக்க முடியாத சூடு. உள்ளே ஆயில் சூடேறி, காற்றோடு கலந்து நுரைத்துவிட்டால் பிஸ்டனுக்குத் தடையே இருக்காது. மோனோட்யூபில் ஆயிலையும் நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது, அழுத்தத்தில் இருப்பதால் ஆயில் நுரைக்க இடமில்லை. தவிர ஒரே குழாய் என்பதால் சூடு நேராக வெளிக்காற்றுக்குப் போய்விடுகிறது. அதே பாதை, அதே வேகம், இப்போது பின்பக்கம் கோட்டில் நிற்கிறது. ஷாக் சூடாகத்தான் ஆகிறது, ஆனால் வேலையை விடவில்லை.

மோனோட்யூபுக்கும் ஒரு பலவீனம் உண்டு, விற்கிறவர் சொல்ல மாட்டார். வெளிக்குழாயேதான் சிலிண்டர். ஒரு கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே மாட்டிக்கொள்ளும், அந்த ஷாக் அவ்வளவுதான். ட்வின் ட்யூபில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய் தப்பிவிட வாய்ப்புண்டு. ஆகவே பின்ஷாக்குக்குக் கல் தடுப்புத் தகடு கட்டாயம். செட்டில் அது வரவில்லை, தனியாக வாங்க வேண்டியதாயிற்று. இந்த வகை ஷாக்கை மண்ரோட்டுக்கு என்றே விற்கும்போது தகட்டைச் சேர்த்துக் கொடுக்காதது எனக்குப் புரியாத சிக்கனம்.

மாட்டுகிற வேலை பற்றி விரிவாகவே எழுத வேண்டும். நல்ல செட்டைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான்.

முதலில் சென்டர் போல்ட். பட்டைக் கட்டை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் அந்த போல்ட்டின் தலை, ஹவுசிங் மேல் இருக்கும் திண்டின் குழிக்குள் சரியாகப் போய் உட்கார வேண்டும். குழியின் விளிம்பில் ஏறி நின்றபடியே யு போல்ட்டை இறுக்கிவிட்டால் ஹவுசிங் ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னுமாக நிற்கும். வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். இறுக்குவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள், விரல் விட்டுத் தடவியும் பாருங்கள். பழைய யு போல்ட்டை "நல்லாத்தானே இருக்கு" என்று திரும்பப் போட விடாதீர்கள். ஒருமுறை முழு இறுக்கத்தில் நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. ஒவ்வொரு பக்கமும் நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். 500 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை. என் வண்டியில் அந்த இரண்டாவது முறை, வலதுபக்க நட்டுகளில் இரண்டு கால் திருப்புக்குமேல் போயின. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததன் விளைவு அது. விட்டிருந்தால் சென்டர் போல்ட்தான் மொத்த அடியையும் வாங்கியிருக்கும்.

அடுத்தது புஷ் போல்ட். இதில் மெக்கானிக்கோடு எனக்குச் சின்ன வாக்குவாதம். வண்டி ஸ்டாண்டில் தூக்கி நிற்கும்போதே காது போல்ட்டையும் ஷாக்கிள் போல்ட்டையும் கன் வைத்து இறுக்கப் போனார்.

"அண்ணே, கீழ இறக்கிட்டு டைட் பண்ணிக்கலாமே."

"இறக்கிட்டா கை போகாது சார். எல்லா வண்டிக்கும் இப்படித்தான் பண்றோம்."

"பாலி புஷ்ஷுக்குச் சரி. ஷாக் அடியில இருக்கறது ரப்பர் புஷ், அது முறுக்கிக்கும்ணே."

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். விஷயம் இதுதான்: ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியிருக்கும், சுழலாது, முறுக்கத்தான் செய்யும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். சீக்கிரமே கிழியும், அதுவரை உயரமும் தவறாகக் காட்டும். வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, சுமையோடு இறுக்குவதே முறை. பாலியூரித்தேன் சுழலக்கூடியது என்பதால் அதற்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் அதற்கு சிலிகான் கிரீஸ் வேண்டும், இல்லையென்றால் கத்தும். இருந்தாலும் இரண்டையும் கீழே இறக்கியே இறுக்கினோம். கை போகத்தான் செய்தது.

பிரேக் வால்வு பிராக்கெட்டைச் சின்ன உதிரிபாகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நிறைய பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி சேஸில் இருக்கும் வால்வுக்குப் போகும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், உயர்ந்தால் குறையும். காலி வண்டியில் பின்சக்கரம் லாக் ஆகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இப்போது பட்டை மாற்றிப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், 300 கிலோ ஏறியிருந்தாலும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். இறக்கத்தில் முன் பிரேக்கே எல்லாவற்றையும் சுமக்கும். அந்த பிராக்கெட் கம்பியின் முனையை அதே அளவு உயர்த்தி, பழைய கோணத்துக்குக் கொண்டுவருகிறது. உங்கள் வண்டியில் இப்படி வால்வு இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்துவிட்டு செட் ஆர்டர் செய்யுங்கள். அப்படியே, சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். என் வண்டியில் ஹோஸுக்கு இடம் இருந்தது. வயரின் ஒரு கிளிப்பை மட்டும் கழற்றி விட வேண்டியிருந்தது.

பின் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் கோணம் இன்னொன்று. பின்பக்கம் உயர்ந்ததும், நகர ஆரம்பிக்கும்போது 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கடியில் ஒரு நடுக்கம் வந்தது. இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டிகளில் இது பலருக்கும் வரும். சென்டர் பேரிங்குக்கு ஸ்பேசர் போட்டதும் பெரும்பகுதி போயிற்று. மிச்சத்துக்குக் கோண ஷிம். ஷிம்மின் தடித்த பக்கம் முன்னாலா பின்னாலா என்று ஷிம்மிலும் குறியில்லை, கூட வந்த தாளிலும் இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு "உங்கள் மெக்கானிக்கை அணுகவும்" என்று பதில். மெக்கானிக் டிகிரி மீட்டர் வைத்து அளந்துதான் போட்டார். ஒரு அம்புக்குறி குத்தி அனுப்ப எவ்வளவு செலவாகும்?

இனி ஓட்டிப் பார்த்த கதை. சுமையோடு, மண்ரோட்டில், இது வேறு வண்டி. "டக்" சத்தம் போய்விட்டது. நீர் அறுத்த குறுக்குப் பள்ளங்களில் முன்பு முதல் கியருக்கு வந்து ஊர்ந்த இடத்தை இரண்டாவதில் கடக்கிறேன். பள்ளத்தை விட்டு ஏறியதும் பின்பக்கம் ஒருமுறை எழுந்து உட்காருகிறது. இரண்டாவது ஆட்டம் இல்லை. உதிரிக்கல் ஏற்றத்தில் பழைய பட்டை முறுக்கு விசையில் வளைந்து நெளிந்து, சக்கரம் தடதடவென்று குதிக்கும். இந்தக் கனமான பட்டையில் அந்தக் குதிப்பு ஏறத்தாழ இல்லை. டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் இன்னும் நன்றாக ஒட்டிப் போகிறது. சொல்லப்போனால் சஸ்பென்ஷனைக் குறை சொல்லும் பாதிப் பேர் தார்ரோட்டுக் காற்றோடு கல்லில் ஓட்டுகிறவர்கள்.

ஒரு சக்கரம் மேட்டிலும் மறு சக்கரம் குழியிலும் நிற்கும் இடங்களில் மட்டும் பழையதைவிடக் கொஞ்சம் மோசம். பட்டை விறைப்பானதால் குழிக்குள் சக்கரம் முழுதாக இறங்குவதில்லை, சீக்கிரம் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. இரண்டு பின்சக்கரத்தையும் சேர்ந்தே சுழல வைக்கும் டிஃப் லாக் இருந்தால் பெரிய விஷயமில்லை. அது இல்லாத வண்டியில் பாறை ஏறுவதுதான் முக்கிய ஆசை என்றால் இதைவிட மெலிதான பட்டைக்குப் போவது நல்லது.

ஒருமுறை கேனோபி, பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காலியாக ஓட்டினேன். மாட்டு வண்டி தேவலை. மட்கார்டு உயரம் 575, வண்டி மூக்கைக் கவிழ்த்து நிற்கிறது. தார்ரோட்டில் ஒவ்வொரு பாலத்து ஜாயின்ட்டும் முதுகெலும்பில் எண்ணிவிடலாம். ஈரமான வளைவில் பின்சக்கரம் லேசாகத் தாவுவதும் தெரிந்தது. 300 கிலோவுக்குச் செய்த பொருளை வெறுமனே ஓட்டினால் அது என்னதான் செய்யும்.

மலிவான மாற்று வழிகளை நண்பர்கள் சொன்னார்கள். ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது உயரம் தரும், சுமை தாங்காது. பட்டை முறுக்கிக்கொள்வதையும் அதிகமாக்கும். நீளமான ஷாக்கிளும் அப்படியே, கூட்டும் நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், ஷாக்கிள் கோணம் கெடுவது தனிக் கதை. பழைய கட்டில் ஒரு பட்டை சேர்ப்பது சுமாரான சுமைக்கு மோசமில்லாத வழி, ஆனால் பழைய பட்டை ஏற்கனவே களைத்திருந்தால் வீண். காற்றுப் பை கொஞ்சம் யோசிக்க வேண்டியது. சுமை வரும்போது ஏற்றி, இல்லாதபோது இறக்கிக்கொள்ளலாம் என்பது கவர்ச்சி. சாதாரணமாகப் பட்டை தன் இரண்டு காதுகள் வழியாக சுமையை சேஸில் இரண்டு இடத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். காற்றுப் பையோ ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் முட்டுக் கொடுக்கிறது. ஆக்சிலுக்குப் பின்னால் கனம் தொங்கும் வண்டியைக் கரடுமுரடில் வேகமாக ஓட்டினால் அந்த இடத்தில்தான் சேஸ் வளையும். தார்ரோட்டில் டிரெய்லர் இழுப்பவருக்குச் சரி, எனக்கு வேண்டாம்.

செட்டின் சில்லறைக் குறைகள்: யு போல்ட் மரை தேவைக்குமேல் நீளம், நட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டு பாறையில் இடிக்கிறது, இரண்டாவது இறுக்கத்துக்குப் பிறகு வெட்டிவிட்டேன். பட்டையின் பெயின்ட் நுனிகளில் சீக்கிரம் உரிந்தது. பாலி புஷ் தூசிக் காலத்தில் கிரீச்சிடுகிறது, நிப்பிளில் கிரீஸ் அடித்தால் கொஞ்ச நாள் வாயை மூடுகிறது.

பட்டை கனமானதால் வண்டி ஏற்கலாம் என்று பதிவில் எழுதிய மொத்த எடை கூடிவிடாது. ஆக்சில், பிரேக், சேஸ் எல்லாம் பழையதுதானே. ஆர்டர் கொடுக்கும் முன் முழு டேங்கோடு, வழக்கமான சாமான்களோடு எடைமேடையில் ஏற்றுங்கள். முன் சக்கரங்கள் தனியாக, பின் சக்கரங்கள் தனியாக. என் கணக்கில் 280 என்றிருந்தது அங்கே அதற்கும் 15 கிலோ மேலே போயிற்று. கேனோபியில் ஒட்டியிருந்த மண்ணும் எடைதான் போலிருக்கிறது.

ஹெட்லைட்டை மறுபடி அட்ஜஸ்ட் செய்தாயிற்று, பீம் ரோட்டுக்கு வந்துவிட்டது. பின்பக்கம் உயர்ந்ததில் முன்சக்கரத்தின் கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) சற்றுக் குறையும் என்பதால் அலைன்மென்டும் பார்த்தோம், அனுமதித்த அளவுக்குள்ளேயே இருந்தது. முன் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லிக் கடைக்காரர் இன்னும் விடவில்லை. முன்னால் வின்ச்சும் இல்லை, இரும்பு பம்பரும் இல்லை, சுமையோடு வண்டி மட்டமாகத்தான் நிற்கிறது. தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.